நீரும் நியாயமும்

சென்னைப் பட்டணத்து வாசிகளுக்கு ஆண்டுதோறும் இரண்டு கவலைகள் நிச்சயம். சித்திரை வைகாசியில் நீர் வருமா என்ற கவலை. ஐப்பசி கார்த்திகையில் நீர் வடியுமா என்ற கவலை. ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஆறு மாத இடைவெளியில் இரண்டும் வந்து போகின்றன. மே மாதத்தில் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் பெண்மணி, நவம்பரில் அதே குடத்தால் வீட்டுக்குள் புகுந்த நீரை வாரி இறைக்கிறாள். இதெல்லாம் விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்போர் உண்டு. நாம் அவ்விதம் கருதவில்லை. சராசரி ஆண்டில் சென்னையில் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. இந்தியா முழுவதற்கும் கணக்கிடும் சராசரியைவிட இது அதிகம். ஆகவே வானம் சென்னைக்கு வஞ்சனை செய்யவில்லை. வஞ்சனை எங்கே நடந்தது என்பதை ஆராய்வது நமது கடமை.

தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். இன்று தங்கமும் பட்டும் குவிந்து கிடக்கும் இந்தப் பகுதி ஒரு நூற்றாண்டுக்கு முன் நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் படகுப் பந்தயம் நடத்தினார்கள். 1923-ம் வருஷத்தையொட்டி, ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபையின் காலத்தில், அந்த ஏரி தூர்க்கப்பட்டுப் புதிய நகர் ஒன்று எழுந்தது. கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயர் நகருக்கு. முதன் மந்திரி பனகல் ராஜாவின் பெயர் நடுவிலிருக்கும் பூங்காவுக்கு. டாக்டர் நடேசனார், உஸ்மான், கோபதி நாராயணசாமி செட்டியார் ஆகியோரின் பெயர்கள் மற்றப் பூங்காவுக்கும் சாலைகளுக்கும். ஏரியின் ஞாபகமாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெருப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தத் தெருவில் நின்று பார்த்தால் ஏரி தெரியாது. நல்ல மழை பெய்தால் தெரியும்.

ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏரி சும்மா கிடக்கும் நிலமன்று. மழைக்காலத்தில் நீரைத் தாங்கி நிறுத்துவதும், கோடைக்காலத்தில் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊற விடுவதும் அதன் வேலை. ஏரியை அகற்றினால் அதன் வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு விடை காணாமலே நகரை அமைத்தார்கள். ஒரு கட்சியை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. சுதந்திரம் வந்த பிறகும் அதே வழியில்தான் சென்றோம். 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரிப் படுகையில்தான் நிற்கிறது. இன்று அந்த வட்டாரத்து மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுபோக முக்கியமாக மிஞ்சியிருப்பது குறுகிப்போன மாம்பலம் கால்வாய். 2019-ல் பாண்டி பஜாரில் அழகிய நடைபாதை வளாகம் திறந்தார்கள். 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. மேலே பூசிய அழகு, கீழே மறந்த ஏரிக்கு ஈடாகவில்லை.

இனி மயிலாப்பூருக்கு வருவோம். அங்கே பக்கிங்ஹாம் கால்வாயின் கதையைக் கண்ணுள்ளவர் எவரும் காணலாம். 1997-ல் திருமயிலை வரையில் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயின் படுகைக்குள்ளேயே நட்டார்கள். ஒரு காலத்தில் படகு போன வழியை அடைத்துக்கொண்டு ரயில் நிலையங்கள் எழுந்தன. அதைச் செய்தவர்கள் சர்க்கார். ஆகவே அதற்கு அபிவிருத்தி என்று பெயர். சிறிது தூரம் தெற்கே, ராஜா அண்ணாமலைபுரத்தில், அதே கால்வாயின் கரையோரம் ஏழை மக்கள் வீடு கட்டிக்கொண்டு பல்லாண்டுகளாக வாழ்ந்தார்கள். அதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். 2022 மே மாதத்தில் கோர்ட்டு உத்தரவின்பேரில் அவ்வீடுகளை இடிக்கப் போனபோது, அங்கு வசித்த ஒருவர் தம் உடலில் தீ வைத்துக்கொண்டு மாண்டார். அதன் பிறகே, பெயர்க்கப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு கொடுப்பதாக முதன் மந்திரி சட்டசபையில் அறிவித்தார். அந்த அறிவிப்பு நல்லதே. ஓர் உயிர் போன பிறகுதான் அது வரவேண்டுமா என்பதே நமது கேள்வி.

அடையாற்றங்கரையில் நடந்ததும் இதுவே. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ள அபாயத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றுவதே நோக்கம் என்றார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் குடியிருப்பும் வெள்ளத்தில் சிக்கியது. ஆற்று வெள்ளத்திலிருந்து ஏழையை மீட்டு, சதுப்பு நில வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். இதற்கிடையில் அவன் இழந்தவை எத்தனை! மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள், சைதாப்பேட்டையில் கூலி வேலை செய்த ஆண்கள், அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் படித்த குழந்தைகள் எல்லோரும் தங்கள் வாழ்க்கையை விட்டு ஒன்றரை மணி பஸ் பிரயாணத்துக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். அந்தச் சதுப்பு நிலத்தின் 1,248 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சார் ஒப்பந்தத்தின்படி சர்வதேச கௌரவம் கிடைத்தது. பறவைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பில் நமக்கு மகிழ்ச்சியே. மனிதருக்கும் அதில் ஒரு பங்கு வேண்டாமா?

2015-ன் வெள்ளம் எப்படி வந்தது என்பதை அரசியல் தொண்டர்கள் மறக்கலாகாது. அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் மழை பெய்தது. டிசம்பர் முதல் தேதி மீண்டும் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. இரவோடிரவாக அடையாறு பொங்கி, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வாசிகள் மாடிக்கு ஓடினார்கள். மாடியில்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். விதிப்படியே நீர் திறந்ததாகச் சர்க்கார் சொன்னார்கள். ஆனால் 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, இது மனிதர் விளைவித்த ஆபத்து என்ற முடிவுக்கு வந்தது. 1943, 1976, 1985, 2005 என்று இதற்கு முன்னும் சென்னை பல வெள்ளங்களைக் கண்டிருக்கிறது. மழையை நிறுத்த எந்தச் சர்க்காராலும் முடியாது. ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது, எப்போது திறக்கப்படும், எந்தத் தெரு எத்தனை மணிக்குக் காலி செய்யவேண்டும் என்பதை ஜனங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல எந்தச் சர்க்காராலும் முடியும்.

வெள்ளம் வந்து மூன்றரை வருஷத்தில் பஞ்சம் வந்தது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு தரை வெடித்தன. அவை நிறைந்தால் சுமார் 11 டி.எம்.சி. கொள்ளும். நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த குடிநீர் விநியோகம் 52½ கோடி லிட்டராகக் குறைந்தது. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலேறி வந்தது. மாலை சூடி வரவேற்ற அந்த ரயில், குறைந்துபோன விநியோகத்திலும் இருநூறில் ஒரு பங்குதான்.

உண்மையில் நகரத்துக்கு நீர் கொடுத்தது லாரி. செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து உறிஞ்சிய நீர், பணமுள்ளவன் வீட்டுத் தொட்டியில் பல ஆயிரம் ரூபாய்க்கு இறங்கியது. பணமில்லாதவன் சர்க்கார் லாரிக்காக இரவில் விழித்திருந்தான். குடியானவனுடைய வயல் காய்ந்தது. ஆக, பஞ்சம் என்பது எல்லோருக்கும் பொதுவாக வரவில்லை. நீர் குறைந்தபோது அதை யார் அடைவது என்பதைச் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். சந்தை தன் வழக்கப்படி தீர்ப்பளித்தது. அதற்கு முந்தின வருஷம் தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகருக்கும் இதே கதி வர இருந்தது. அங்கே 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டினார்கள். மேலே செலவிட்டால் கட்டணம் ஏறும் என்றார்கள். நிறவெறியின் வடு ஆறாத அந்நகரில் ஏற்றத்தாழ்வு குறைவன்று. இருந்தும், ஒரே அளவை எல்லோருக்கும் சட்டமாக்கினார்கள். குழாய் அடைபடும் நாள் வராமல் தப்பினார்கள். சென்னையில் வீடுகளுக்குப் பெரும்பாலும் மீட்டரே இல்லை. அளக்காத நீரைப் பங்கிடுவது எப்படி?

இந்தத் துன்பத்துக்கு மருந்து வெகு தூரத்தில் இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதன்மேல் ஆண்டில் 140 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 3 லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் லாரிக் கணக்கில் முப்பது லாரிக்கு மேல். இந்த முப்பது லாரி நீரை நவம்பரில் தெருவில் விட்டு அண்டை வீட்டுக்காரனை மூழ்கடிக்கிறோம். மே மாதத்தில் அதையே கிராமத்துக் கிணற்றிலிருந்து விலைக்கு வாங்குகிறோம். விழுவது முழுவதையும் பிடிக்க முடியாதுதான். பாதியைப் பூமிக்குள் அனுப்பினாலும் இரு துன்பமும் குறையும் அல்லவா?

இதை உணர்ந்துதான் ஜெயலலிதா அம்மையாரின் சர்க்கார் 2003-ல் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் மணற்பாங்கான நிலம் மழையை விரைவில் உள்வாங்கக் கூடியது. அங்கே மழையை விடாமல் மோட்டாரால் மட்டும் இறைத்தால் கடல் நீர் உள்ளே வரும். மயிலையில் கபாலி கோயில் குளமும் சித்திரக் குளமும் நம் முன்னோர் இதற்காகவே வைத்துப்போன ஏற்பாடுகள். குளத்தில் நீர் நின்றால் மாடவீதிக் கிணறுகளில் ஊற்று நிற்கும். 2003-ன் சட்டம் நல்ல சட்டம். அது எத்தனை வீடுகளில் உயிரோடிருக்கிறது என்பதுதான் சந்தேகம். காகிதத்தில் குழாய் காட்டி அனுமதி பெற்றவர்கள், அந்தக் குழாயில் மண் அடைத்து வருஷம் பல ஆகியும் திரும்பிப் பார்ப்பதில்லை. பரிசோதிக்க வேண்டியவர்களும் பார்ப்பதில்லை.

மழைநீரைத் தள்ளிவிட்டுக் கடல் நீரைக் குடிநீராக்குவதில் சர்க்காருக்கு உற்சாகம் மிகுதி. 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை மற்றொன்று திறக்கப்பட்டது. சென்னையின் தாகத்துக்கு இவை உதவுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். மழை பொய்க்கும் ஆண்டில் இவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆயினும் ஆயிரம் லிட்டர் கடல் நீரை நன்னீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தின் பெரும் பங்கு நிலக்கரி எரித்து வருவது. நிலக்கரிப் புகை பூமியின் உஷ்ணத்தை ஏற்றுகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஏழு பங்கு நீராவி அதிகமாகச் சுமக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. அதிகம் சுமக்கும் காற்று ஒரே இரவில் அதிகமாகக் கொட்டும். அதாவது, வறட்சிக்குச் செய்யும் பரிகாரமே அடுத்த வெள்ளத்துக்கு விறகாகிறது. ஆகவே கடல் நீர் ஆலை கடைசிப் புகலாக இருக்கட்டும். முதல் புகல் மழையாகவே இருக்கவேண்டும்.

சென்னை கார்ப்பொரேஷன் 2023 ஜூன் மாதத்தில் பருவநிலைச் செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு திருப்புகழ் தலைமையில் அமைத்த கமிட்டி 2023-ல் அறிக்கை கொடுத்தது. அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றை நிறைவேற்றுவது யார்? குடிநீருக்கு 1978-ல் ஏற்பட்ட தனி வாரியம், வடிகாலுக்குக் கார்ப்பொரேஷன், ஏரிக்கும் ஆற்றுக்கும் நீர்வளத் துறை, சதுப்பு நிலத்துக்கு வனத் துறை, கரையிலிருந்து பெயர்க்கப்படும் ஏழைக்கு மற்றொரு வாரியம். வானத்திலிருந்து ஒரே துளியாக விழும் நீர், தரைக்கு வந்ததும் ஐந்து இலாகாக்களின் சொத்தாகிவிடுகிறது. வெள்ளம் வந்தால் ஐந்தும் ஒன்றையொன்று சுட்டிக் காட்டுகின்றன.

இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம் இருக்கிறது. சென்னையின் நீர்ப் பிரச்னை ஜனநாயகப் பிரச்னை. 1939-ல் தேசபக்தர் சத்தியமூர்த்தி இந்நகரின் மேயரானார். ஆட்சி வெள்ளைக்காரனுடையது, உலக யுத்தம் தொடங்கிவிட்டது, நகர சபையின் அதிகாரமோ அற்பம். ஆயினும் அவர் விடாமல் வாதாடிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1944-ல் வேலை முடிந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை, 1943-லேயே காலமானார். அந்த நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி இந்நகருக்கு நீர் வழங்கி வருகிறது. ஜனங்களின் பிரதிநிதி ஒருவர் மேயர் ஆசனத்தில் இருந்ததால் வந்த பலன் அது.

இதற்கு எதிர்ப்புறத்தையும் பாருங்கள். 2016 அக்டோபரில் சென்னை நகர சபையின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் இந்நகருக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. 2019-ன் பஞ்சமும் 2021-ன் வெள்ளமும் வந்தது இந்த இடைக்காலத்தில்தான். குழாயில் நீர் வராதபோது கேட்பதற்குத் தெருவில் ஒரு பிரதிநிதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் போராடிப் பெற்ற ஸ்தல சுயாட்சியைச் சுயராஜ்யத்தில் இழந்து நின்றோம். இதற்குக் கோர்ட்டு வழக்குகளும் வார்டு எல்லைகளும் காரணமென்று இரு கட்சிச் சர்க்கார்களும் சொல்லலாம். காரணங்கள் தாகத்தைத் தீர்க்கமாட்டா.

ஆகவே நாம் கோருவது இவை. முதலாவதாக, ஆக்கிரமிப்புக்கு ஒரே அளவுகோல் வேண்டும். நீர்நிலைகளில் நிற்கும் ரயில் தூண், சர்க்கார் கட்டிடம், மாளிகை, குடிசை எல்லாம் ஒரே பட்டியலில் வரவேண்டும். ஏழையை அப்புறப்படுத்தித்தான் ஆகவேண்டுமானால், பிழைப்புக்கு எட்டும் தூரத்தில் வீடு தயாரான பிறகே கை வைக்கவேண்டும். இரண்டாவதாக, ஏரிகளின் நீர்மட்டமும் திறப்பு விதிகளும் ஐப்பசி பிறக்குமுன் வார்டு வார்டாகத் தமிழில் ஒட்டப்படவேண்டும். மூன்றாவதாக, ஆளுக்கு இவ்வளவு என்று வாழ்வுக்கு வேண்டிய நீரை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அதற்குமேல் செலவிடுவோரிடம் அளந்து, ஏறுமுகமாக வசூலிக்கவேண்டும். லாரிகளும் அவை நீர் எடுக்கும் கிணறுகளும் கணக்குக்குள் வரவேண்டும். நான்காவதாக, ஏரியின்மேல் செழித்த தியாகராய நகர், ஏரியின் வேலையில் ஒரு பங்கையாவது செய்யவேண்டும். பெருங்கடைகள் மழைக்கு முன் தங்கள் சேகரிப்புக் குழியைத் திறந்து காட்டட்டும். பூங்காக்களும் பள்ளி மைதானங்களும் மழைநீரை ஏற்கும்படி தாழ்த்தப்படட்டும். ஐந்தாவதாக, நகர சபையின் காலம் முடிந்தால் ஒரு நாள்கூட ஆசனம் காலியாக இருக்கக் கூடாது. ஐந்து இலாகாக்களும் அந்தச் சபையின்முன் வந்து பதில் சொல்லவேண்டும்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று சிலர் கேட்பார்கள். மாம்பலத்தை இடித்து மீண்டும் ஏரியாக்கச் சொல்கிறீர்களா என்று பரிகாசமும் செய்வார்கள். நாம் அவ்விதம் சொல்லவில்லை. கிண்டியில் குதிரைப் பந்தயக் கிளப்பின் வசமிருந்த நிலத்தைச் சர்க்கார் 2024-ல் கையகப்படுத்தி, மழைநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டத் தொடங்கினார்கள். ஏரியைத் தூர்த்து வீடு கட்டிய நகரத்தில், சீமான்களின் மைதானத்தைத் தோண்டிக் குளம் வெட்டும் காலமும் வந்திருக்கிறது. செய்யவேண்டுமென்ற திடமிருந்தால் நிலமும் கிடைக்கும், பணமும் கிடைக்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

அந்தத் திடத்தை உண்டாக்க வேண்டியவர்கள் நமது வாசகர்கள். 2022-ல் வார்டு கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுத்திருக்கிறார்கள். அவற்றின் கூட்டத்துக்குத் தொண்டர்கள் போகவேண்டும். தங்கள் தெருவின் மழைநீர் எங்கே போகிறது, தங்கள் வார்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வருகிறது, கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கவேண்டும். மேடையில் பேசுவதைவிட இது சிறிய வேலையாகத் தோன்றலாம். சத்தியமூர்த்தி மேயர் ஆசனத்தில் இருந்தபோது செய்ததும் இந்த வேலைதான்: கேட்டார், விடாமல் கேட்டார், நீர் வந்தது.